தேம்புவதும் அலறுவதும் ஒன்றா?



சைனிக் பள்ளியில் சேர வேண்டும் என்ற ஆசை உங்களில் சிலருக்கு இருக்கும். நம் மாநிலத்தில் உடுமலைப்பேட்டைக்கு அருகே, அமராவதிநகரில் 1962-ஆம் ஆண்டு முதல் அப்படி ஒரு பள்ளி நடந்து வருகிறது. அதில் 6-ஆம் வகுப்பில் சேர, அகில இந்திய அளவில் நடக்கும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். மொத்தம் 300 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 150, கணக்குக்கு. மொழிப் பகுதிக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது நமக்கு ஒரு வசதி.

கணக்கை நாள்தோறும் போட்டுப் பார்ப்பவர்கள், மொழிப் பகுதிக்கு என்ன செய்கிறார்கள்? ஒரே பொருள் தரும் வினைச்சொற்களின் பட்டியல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, 'காண் என்றால் பார், கூறு என்றால் சொல், தேம்பு என்றால் அழு' என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள். நூறு சொல் ஆனதும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

இந்தப் பயிற்சி பாதிப் பயிற்சிதான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கீழே உள்ள வாக்கியத்தைப் பாருங்கள்.

'தொலைந்த பொம்மை கிடைத்த பிறகும் குழந்தை சிறிது நேரம் ______ கொண்டிருந்தது.'

விடைகள்: அலறி, கதறி, தேம்பி, முழங்கி.

பட்டியலை மட்டும் படித்தவருக்கு இங்கே குழப்பம் வரும். அலறு, கதறு, தேம்பு மூன்றுக்கும் நேரே 'அழு' என்றுதானே மனப்பாடம் செய்திருக்கிறார்! ஆனால், பயத்தில் அலறுவோம். துயரம் தாங்காமல் கதறுவோம். அழுது ஓய்ந்த பிறகும் மூச்சு விட்டுவிட்டு வருகிறதே, அதுதான் தேம்புவது. பொம்மை கிடைத்த பிறகு குழந்தை ஏன் அலறப் போகிறது? விடை, தேம்பி.

இன்னும் இருக்கிறது. மிட்டாய் கேட்டுச் சிணுங்குவார்கள். அழுகையை அடக்கப் பார்க்கும்போது விம்முவார்கள். எல்லாமே அழுகைதான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்காக இருவரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்களா? ஒருபொருள் தரும் சொற்களும் அப்படித்தான்.

இது நான் புதிதாகச் சொல்வதல்ல. தமிழின் மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியமே 'ஈ, தா, கொடு' என்ற மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகிறது. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவர் 'ஈ' என்பார். தனக்குச் சமமானவரிடம் 'தா' என்பார். தன்னைவிடத் தாழ்ந்தவரிடம் கேட்பவர் 'கொடு' என்பார். இன்று அப்படிப் பிரித்துப் பேசுவதில்லை. மனிதரில் உயர்வு தாழ்வு பார்ப்பதும் நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு சிறு வினைச்சொல்லைக்கூட எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?

'அப்படியானால் மனப்பாடமே கூடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். கூடும். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பிள்ளைகள் நிகண்டு என்ற சொற்பொருள் நூலை மனப்பாடம் செய்தார்கள். செய்யுள் வடிவில் இருந்ததால் அது மனதில் நின்றது. பழைய நிகண்டான திவாகரத்தில் செயல்களைப் பற்றிய பெயர்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. இயம்பு, பகர், நவில், விளம்பு எல்லாம் 'சொல்' என்பதைக் குறிக்கும். ஏகு என்றால் செல். துஞ்சு என்றால் உறங்கு. இவற்றை நாம் தினமும் பேசுவதில்லை. எனவே மனதில் பதித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தோடு சேர்த்துப் பதியுங்கள்.

பேச்சில் உள்ள சொற்களுக்கோ பட்டியலே வேண்டாம். வீட்டுச் சமையலறைக்குப் போங்கள். அரிசியைக் களைகிறார்கள். கீரையை ஆய்கிறார்கள். வெங்காயத்தை உரிக்கிறார்கள். தேங்காயைத் துருவுகிறார்கள். மாவைச் சலிக்கிறார்கள். கஞ்சியை வடிக்கிறார்கள். கடலையை வறுப்பதும், அப்பளத்தைப் பொரிப்பதும், கத்தரிக்காயை வதக்குவதும் வேறு வேறு வேலைகள். அப்பளம் எண்ணெயில் மூழ்க வேண்டும். கத்தரிக்காய்க்குக் கொஞ்சம் எண்ணெய் போதும். கடலைக்கு வெறும் சட்டியும் சூடான மணலுமே போதும்!

ஆனால் நம்மில் பலர் இப்போது எப்படிப் பேசுகிறோம்? 'கட் பண்ணு', 'வாஷ் பண்ணு', 'ஃப்ரை பண்ணு'. இந்த ஒரு 'பண்ணு' பத்துச் சொற்களை விழுங்கி ஏப்பம் விட்டுவிடுகிறது. நாள் முழுவதும் 'பண்ணு' என்று பேசிவிட்டு, இரவில் பட்டியலை ஒப்பித்தால் என்ன பயன்? பேசாத சொல், தேர்வறையில் கூப்பிட்டால் வருமா?

எனவே ஒரு சிறு பயிற்சி சொல்கிறேன். தினமும் 10 நிமிடம் போதும்.

ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே ஒரு வினைச்சொல்லை எழுதுங்கள். இன்று 'பார்' என்றால், அதன் கீழே காண், நோக்கு, கவனி, முறை என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள். 'ஆசிரியர் சொல்வதைக் கவனித்தான்' என்பது சரி. 'ஆசிரியர் சொல்வதை முறைத்தான்' என்றால்? சிரிப்பு வருகிறதல்லவா! அந்தச் சிரிப்பு வந்த இடத்தில்தான் நீங்கள் ஒரு வேறுபாட்டைக் கற்றுக்கொண்டீர்கள். யார் செய்கிறார், எதைச் செய்கிறார், எப்படிச் செய்கிறார் என்று மூன்று கேள்வி கேட்டால் சரியான சொல் தானே வந்து நிற்கும்.

பக்கம் நிரம்பவில்லையா? பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத சொற்கள் அவர்களிடம் இருக்கும்.

நுழைவுத் தேர்வில் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடாது. இடங்கள் குறைவு, எழுதுபவர்கள் அதிகம். பட்டியலை மட்டும் ஒப்பித்தவர், தேர்வு முடிந்த மறுநாளே பாதியை மறந்துவிடுவார். பேசியும் எழுதியும் பழகியவருக்கோ, இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சொற்கள் கையில் இருக்கும். கட்டுரை எழுதும்போது உதவும். மேடையில் பேசும்போது உதவும். மனதில் உள்ளதை அம்மாவிடம் சரியாகச் சொல்லவும் உதவும்.

என்ன, இன்றே முதல் பக்கத்தைத் தொடங்கலாமா? முதல் சொல், 'சிரி'. எத்தனை விதமான சிரிப்பு உண்டு என்று எண்ணுங்கள் பார்க்கலாம்!