கட்டைவிரலுக்குப் பொதுமொழி தெரியாது

எழுத்துக்குத்தான் மொழி வேண்டும், எமோஜிக்கு வேண்டாம். படம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்கிறார்கள். 2015இல் ஆனந்தக் கண்ணீர் முகத்தை ஆக்ஸ்போர்டு அகராதி ஆண்டின் சொல்லாக அறிவித்த பிறகு, படித்தவர்களும் இதையே அடித்துச் சொல்கிறார்கள். இது தவறு, கைக்காசுக்கும் வேலைக்கும் உலை வைக்கக்கூடிய தவறு.

சேத்தூர், ராஜபாளையம் பக்கத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேதச் செய்தி வரட்டும். கும்பிடும் கைகள் வரிசைகட்டும். கண்ணீரை மட்டும் பார்த்த ஒரு பெரியப்பா, விழுந்து விழுந்து சிரிக்கும் முகத்தைப் போட்டுவிடுவார். அந்தக் கும்பிடும் கைகளுக்காவது ஒரே பொருள் உண்டா? காலை வணக்கம், நன்றி, 'சாமி, ஆளை விடுங்க' எல்லாவற்றுக்கும் அவைதான். முதியவர்களின் தடுமாற்றம் என்று இதை ஒதுக்க முடியாது. ஒரே எமோஜியைப் பார்த்தவர்களே, அது நல்லதா கெட்டதா இரண்டுமில்லாததா என்பதில் நூற்றுக்கு 25 முறை முரண்பட்டார்கள் என்று 2016இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

வழக்கென்றால் சேத்தூர்க்காரர் ஏறவேண்டிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கே இந்தச் சிக்கல் வந்தது. ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்திக்குக் காவலர் ஒருவர் உயர்த்திய கட்டைவிரல் எமோஜியைப் போட்டார். கொலையைக் கொண்டாடினார் என்று வேலையை விட்டே நீக்கினார்கள். 'செய்தியைப் பார்த்தேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை' என்று 2024இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

கனடாவில் ஓர் உழவரும் அதையேதான் சொன்னார். ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி, உறுதிசெய்யச் சொன்னார் கொள்முதல்காரர்; பதிலுக்குப் போனது கட்டைவிரல். 'வந்து சேர்ந்தது என்றுதான் போட்டேன்' என்ற வாதம் எடுபடவில்லை. இருவருக்கும் இடையில் முன்பு நடந்த கொடுக்கல் வாங்கலைப் பார்த்து, அதைச் சம்மதம் என்றே 2023இல் நீதிமன்றம் தீர்த்தது. இழப்பீடு 82,000 டாலருக்கு மேல்.

விரல் ஒன்று, தீர்ப்பு இரண்டு. பொருள் படத்தில் இல்லை. அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் இருக்கிறது.

எழுதத் தெரியாத ஆச்சி, துபாயிலிருக்கும் பேரனுக்கு இதயம் அனுப்புகிறாரே என்பார்கள். அனுப்பட்டும். பேரன் ஆச்சியைப் படிக்கிறான், படத்தையல்ல. முகம் தெரியாத வியாபாரிக்கு அந்த வசதி கிடையாது. மாந்தோப்புக் குத்தகைக்கு அவர் ஒரு விலை சொல்லி அனுப்பி, தோப்புக்காரர் கட்டைவிரலைத் தட்டினால், பேரம் முடிந்ததா, இனிமேல்தானா?

துட்டு, துக்கம், சண்டை மூன்றிலும் வாயைத் திறந்து பேசுங்கள். 'சம்மதம்', 'யோசித்துச் சொல்கிறேன்' என்று தட்ட முடியாவிட்டால் குரல்பதிவு அனுப்புங்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட பொருளை எதிராளி தனக்குத் தோதாக நிரப்பிக்கொள்வார். அதில் தகராறு வந்தால் நீதிபதி நிரப்புவார்.