இழவு சொல்லப் போனவன்

ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்லப் போவது எங்க தாத்தா வேலை. பன்னிரண்டு ஊரும் நடைதான். பங்காளி வீட்டு வாசலுக்கு வெளியே நின்று, "சாமி, பெரியவர் தவறிட்டாருங்க" என்று சொல்லணும். சேதி திண்ணை ஏறி உள்ளே போகும். சொன்னவன் தெருவிலேயே நிற்பான். ஒருபடி நெல்லை, விரித்த துண்டில் மேலேயிருந்து கொட்டுவார்கள்.

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் செய்ததும் இதே வேலைதான். கொரோனாவின் புது வகையைக் கண்டுபிடித்து, ஒளிக்காமல், 24ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொன்னார்கள். மறுநாளே பிரிட்டன் ஆறு ஆப்பிரிக்க நாடுகளுக்கு விமானத்தை நிறுத்தியது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பின்னாலேயே கதவைச் சாத்தின. அப்புறம் பார்த்தால், 19ஆம் தேதி நெதர்லாந்தில் எடுத்த மாதிரியிலேயே ஒமிக்ரான் இருந்திருக்கிறது! சேதி வேணும், சேதி சொன்னவன் வேண்டாம். இதுக்கு நம்ம ஊரில் என்ன பேர் என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

கூத்து என்னவென்றால், அடுத்த வாரமே ஜெனீவாவில் கூடி, கொள்ளைநோயைத் தடுக்க உலக ஒப்பந்தம் போடலாம் என்று முடிவெடுத்தார்கள். இது பழைய கதை. 1897இல் வெனிஸில் கூடிய ஐரோப்பிய அரசுகளுக்கும் பம்பாயில் பிளேக்கில் செத்தவர்களைப் பற்றிக் கவலையில்லை. கப்பலேறி அது தங்கள் கரைக்கு வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

புது ஒப்பந்தம் 2025 மே 20 அன்று நிறைவேறியது. இது வந்தால் உலக சுகாதார நிறுவனம் நம் வீட்டைப் பூட்டிவிடும் என்று சிலர் கத்துகிறார்கள். பொய். ஊரடங்கு போடச் சொல்ல அதுக்கு அதிகாரமில்லை என்று அதிலேயே எழுதியிருக்கு. நம்ம சண்டை வேறு.

கிருமி மாதிரியை உடனே கொடு என்கிறார்கள். சரி, பதிலுக்கு? கம்பெனிகள் உற்பத்தியில் 20 சதவீதத்தை ஒதுக்குமாம். அதில் குறைந்தது 10 சதவீதம் தானம், மீதி கட்டுப்படியாகிற விலைக்கு. அதே ஒருபடி நெல்! தொழில்நுட்பமோ, வைத்திருப்பவன் மனமுவந்து ஒப்புக்கொண்டால்தான் கிடைக்கும். மாதிரிக்கும் மருந்துக்கும் உள்ள கணக்கைச் சொல்லவேண்டிய இணைப்பை எழுதாமலே ஒப்பந்தத்தை நிறைவேற்றிக் கைதட்டினார்கள்.

நம்ம நாடும் யோக்கியமில்லை. கொரோனா தடுப்பூசி, மருந்துகளின் காப்புரிமையைத் தள்ளிவை என்று 2020 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து கேட்டது, சரிதான். ஆனால் மூன்றே மாதத்தில், ஐரோப்பா இரண்டு டாலர் சொச்சத்துக்கு வாங்கிய ஊசிக்கு, புனேயில் தயாரானதற்கு, அதே தென்னாப்பிரிக்காவிடம் கம்பெனி கேட்ட விலை 5.25 டாலர். காப்புரிமைக் கோரிக்கையும் 2022 ஜூன் வரை இழுத்தடிக்கப்பட்டு, கடைசியில் தடுப்பூசிக்கு மட்டும் என்று சுருங்கியது.

கொடுக்க மாட்டேன் என்று ஒருத்தன் நின்றால்தான் கணக்குப் பேசவே வருகிறார்கள். 2007இல் இந்தோனேசியா நின்றது. தன் நாட்டுப் பறவைக்காய்ச்சல் கிருமியை வைத்து ஆஸ்திரேலியக் கம்பெனி தடுப்பூசி செய்கிறது என்று தெரிந்ததும் மாதிரி அனுப்புவதை நிறுத்தினார்கள். உலகத்தையே ஆபத்தில் தள்ளுகிறார்கள் என்று ஏசாத வாயில்லை. ஆனால் 2011இல் மாதிரிக்குப் பதில் பங்கு என்ற ஏற்பாடு வந்ததே, எதனால் வந்தது? அதுவும் ஃபுளூவுக்கு மட்டும்தான்.

எங்க தாத்தாவும் ஒருநாள் "இனி போகமாட்டேன்"னு சொல்லிட்டார். ஊர் கூடி அபராதம் போட்டது. அவர் கட்டவில்லை. அடுத்த சாவுக்கு அவங்க வீட்டுப் பையனே சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போனான்.