'பிக்கப்' என்னும் மயக்கம்

டெல்லியின் மெக்கானிக் முதல் பெங்களூருவின் கல்லூரி மாணவர் வரை, காரைப் பற்றிப் பேசுவோர் நாவில் தவறாமல் வரும் சொல் 'பிக்கப்'. இந்திய மொழிகள் பலவற்றில் வேரூன்றிவிட்ட இச்சொல், திறன், முறுக்குவிசை, முடுக்கம் என்னும் மூன்று வெவ்வேறு பொருள்களை ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. அக்குழப்பத்தின் விளைவுகளுள் ஒன்று, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரின் ஃப்ளைவீலைக் கழற்றி, லேத் பட்டறையில் கடைந்து எடை குறைக்கும் ஆசை.

ஃப்ளைவீல் இன்ஜினின் திறனைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. சுழற்சி ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும் களஞ்சியம் அது. எடை குறைந்தால் சேமிப்புக்குச் செல்லும் பங்கு குறைகிறது. முதல் கியரில் கார் துள்ளிப் பாய்கிறது. எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 28 செ.மீ. விட்டமும் 8 கிலோ எடையும் உள்ள, சீரான தட்டு போன்ற ஒரு ஃப்ளைவீல். காரின் சக்கர ஆரம் 28 செ.மீ. என்று கொள்வோம். முதல் கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் 14 முறை சுற்றினால், அந்த 8 கிலோ, காரில் 196 கிலோ கூடுதலாக ஏற்றியதுபோல் முடுக்கத்தைத் தடுக்கும். ஐந்தாம் கியரில் இன்ஜின் 3.2 முறை சுற்றினால், தடை ஏறத்தாழ 10 கிலோதான். தட்டின் கனத்தைச் சீராகக் குறைத்து 3 கிலோவை நீக்கினால், முதல் கியரில் 73 கிலோ மிச்சம். ஐந்தாம் கியரில் 4 கிலோகூட இல்லை. நெடுஞ்சாலையில் லாரியை முந்த விரும்புவோருக்கு இதனால் ஆவது ஏதுமில்லை.

இழப்போ அன்றாடம் உணரப்படுவது. மாருதி 800 தொடங்கி, இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவும் மூன்று சிலிண்டர் கொண்டவை. அவற்றில் 240 பாகைக்கு ஒருமுறைதான் உந்துவீச்சு நிகழும். ஒரு வீச்சு நீடிப்பதோ 180 பாகை. உந்துதலற்ற எஞ்சிய 60 பாகையைக் கடத்திவிடுவது ஃப்ளைவீலின் நிறையே. மேலும், சுழற்சி வேகம் பாதியானால் சேமித்த ஆற்றல் கால்பங்காகிவிடும். ஆகவே, மெதுவாகச் சுழலும்போதுதான் நிறையின் தேவை மிகுதி. கண்டாலா மலைப்பாதையில் நெரிசலில் நின்ற கார், ஐந்து பேரைச் சுமந்து மீண்டும் புறப்படும் கணம் அது. அப்போது களஞ்சியம் வற்றியிருந்தால் இன்ஜின் நின்றுவிடும். கார் பின்னோக்கி உருளும். அதைத் தவிர்க்க ஆக்சிலரேட்டரை மிதித்துக் கிளட்சைத் தேய்ப்பவருக்கு மற்றொரு செலவும் காத்திருக்கிறது.

பந்தயத் தடத்தின் நியாயம் வேறு. அங்கே இன்ஜின் எப்போதும் உயர்சுழற்சியில் இயங்குகிறது. கியர் மாற்றும்போது சுழற்சி விரைந்து ஏறி இறங்குவதே ஆதாயம். அதற்கெனவே வடிவமைத்த எஃகு ஃப்ளைவீல்கள் உண்டு. வார்ப்பிரும்புத் தட்டை மனம்போனபடி கடைவது அதற்கு ஈடாகாது. வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் வலுக்குறைந்தது. உயர்சுழற்சியில் விரிசல் கண்டு சிதறினால், துண்டுகள் பாயுமிடம் ஓட்டுநரின் கால்களுக்கு அருகில்.

எடை என்றாலே சுமை என்று எண்ணிவிடக் கூடாது. நின்று நின்று நகரும் இந்தியச் சாலையில் ஃப்ளைவீலின் நிறை, தடையன்று, துணை. 'பிக்கப்' குறைவு என்று முறையிடுபவர் லேத் பட்டறையைத் தேடுமுன், தாம் விரும்புவது திறனா, முறுக்குவிசையா, முடுக்கமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேள்வி தெளிவானால், இரும்பைக் கடையும் தேவை பெரும்பாலும் எழாது.