பதகளிப்பும் பரீட்சைப் புள்ளியும்

“பயம் இருந்தால்தான் பிள்ளை படிக்கும்” என்பது எங்கள் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் பழகிப்போன ஒரு பேச்சு. இது பாதி உண்மை. க.பொ.த. (சா/த) பரீட்சைக்குத் தோற்றவுள்ள மாணவர்களாகிய நீங்கள் மற்றப் பாதியையும் அறிந்திருத்தல் வேண்டும்.

1908ஆம் ஆண்டில் யேர்க்ஸ், டொட்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் சுண்டெலிகளைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தனர். வெள்ளை, கறுப்பு என இரு பெட்டிகள். தவறான பெட்டிக்குள் நுழைந்தால் மின்னதிர்ச்சி. பெட்டிகளை வேறுபடுத்தி அறிவது இலகுவாக இருந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாட்டை அறிவது கடினமாக்கப்பட்டதும் நிலைமை மாறியது. நடுத்தர அதிர்ச்சியே பயன் தந்தது. கடும் அதிர்ச்சி கற்றலைத் தாமதமாக்கியது. மனிதர் எலிகள் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் “பயமுறுத்தினால் படிப்பான்” என்போர் இந்தப் பரிசோதனையின் முதற் பகுதியை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனது கருத்து.

இதற்குக் காரணம் என்ன? 47ஐ 6ஆல் மனக்கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். 240ஐ மனதில் வைத்துக்கொண்டு 42ஐக் காண வேண்டும். பின்னர் இரண்டையும் கூட்ட வேண்டும். இவ்வாறு சிறிது நேரம் தாங்கிக்கொண்டு வேலை செய்யும் மனத்தின் பகுதியைச் செயற்படு நினைவு என்பர். அதில் இடம் மிகக் குறைவு. “இது பிழைத்தால் அம்மாவுக்கு என்ன சொல்வேன், பக்கத்து மேசைக்காரி அடுத்த தாள் வாங்கிவிட்டாளே” என்ற எண்ணங்களும் அதே இடத்தில்தான் வந்து குந்துகின்றன. கணக்குக்கு இடம் இல்லாமற் போகிறது. மண்டபத்தில் வராத விடை வெளியே வந்ததும் ஞாபகம் வருவது இதனாலேயே. அப்படிச் சொல்லும் மாணவரை “நீ படிக்கவில்லை” என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது அநியாயம். (உண்மையிலேயே படிக்காதவர்கள் இதைச் சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்!)

“பயப்படாதே” என்ற அறிவுரையால் பெரிய பயன் இல்லை. பயப்படாமல் இருக்க முயல்வதும் அந்தச் சிறிய இடத்தையே பிடித்துக்கொள்ளும். பயத்தின் நடுவிலும் கைகொடுக்கும் வகையில் படிப்பதே வழி. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடங்களின் பின் நடந்த சோதனையில் முன்னின்றனர். ஒரு வாரத்தின் பின்னரோ, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தனர். 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில் பங்குபற்றியோர் பிறர் முன்னிலையில் பேசவும் கணக்குச் செய்யவும் வைக்கப்பட்டு நெருக்கடிக்கு உள்ளாக்கப்பட்டனர். மீள வாசித்துப் படித்தவர்களின் ஞாபகம் தளர்ந்தது. நினைவுகூர்ந்து படித்தவர்களின் ஞாபகம் தளரவில்லை.

ஆகவே கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூட்டை முன்னால் வைத்து, புத்தகத்தை மூடிவிட்டுச் செய்யுங்கள். விடைகளைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டுபவருக்கு இந்த வழிகாட்டிக் கைந்நூலும் உதவாது. பகுதி II வினாத்தாளுக்கு வழங்கப்படும் 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரத்தில் நன்கு தெரிந்த வினாக்களை அடையாளம் கண்டு, அவற்றிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பரீட்சைக் காலையில் “எல்லாம் பாடமோ? எத்தனை ஏ வரும்?” என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வியும் பிள்ளையோடு மண்டபத்துக்குள் போய்விடும். மாணவர்களே, இந்தப் பக்கத்தை இன்றிரவே வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.