‘எஸ்சி/எஸ்டி’: சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்

“பாம்பு பிடிக்கத் தெரியுமா?”

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் இருளர் பெண்ணிடம், பழங்குடிச் சான்றிதழ் விசாரணையில் ஓர் அலுவலர் கேட்ட கேள்வி இது. நாங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தோம். அவளுக்குத் தெரியாது. அவள் அப்பாவுக்கும் தெரியாது; தாம்பரத்துக்குத் தெற்கே அடுக்குமாடி கட்டும் இடத்தில் அவர் இரவுக் காவலாளி. “அப்புறம் எப்படிம்மா இருளர்னு நம்புறது?” என்று சிரித்தார் அலுவலர்.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் நல்ல பாம்பைப் பிடிப்பது குற்றம். ஆக, அந்தப் பெண் தான் பழங்குடி என்று அரசிடம் நிரூபிக்க முதலில் அரசின் சட்டத்தை மீற வேண்டும்!

இந்த மக்களுக்கும் அரசுக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்று பார்க்க, பழைய மகாபலிபுரம் சாலையைத் தாண்டி வடநெம்மேலிக்குப் போனால் போதும். பாம்புத்தோல் வணிகத்தில் பிழைத்தவர்கள் இருளர்கள். 1976இல் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது, பிழைப்பும் போனது. 1978இல் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, சில தடவை விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தித்தான் முறிவு மருந்து தயாராகிறது. இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருளில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக இந்தக் கைகளிலிருந்தே போகிறது. 2000 முதல் 2019 வரை இந்த நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்கிறது ஆய்வு. அந்த மருந்து இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும்?

ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை முடிவுசெய்வது வனத்துறை. சங்கம் இருப்பதோ தொழில் வணிகத் துறையின் கீழ். அனுமதி தாமதமான ஆண்டுகளில் வருமானமும் நின்றது. அறிவு இருளருடையது, உயிரைப் பணயம் வைப்பதும் இருளர், கையெழுத்து மட்டும் வேறு யாருடையதோ. சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். விருது வாங்கிய படத்தை நாமும் பகிர்ந்தோம். விருது கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அதே மக்களின் பிள்ளைகளுக்கு ஒரு தாளில் முத்திரை குத்தக் கை வரவில்லை.

சுயாட்சி என்ற சொல்லை இங்கே எடுத்தாலே சிரிப்பார்கள். அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஓர் அடிகூட இல்லை. அதனால் 1996இன் பெசா சட்டம், அதாவது கிராமசபைக்கு நிலத்தின் மீதும் வளத்தின் மீதும் அதிகாரம் தரும் சட்டம், இங்கே செல்லாது. 2006இன் வன உரிமைச் சட்டம் இருக்கிறது; ஆனால் முடிச்சூரிலும் மண்ணிவாக்கத்திலும் படப்பையிலும் எந்தக் காட்டைக் காட்டி உரிமை கேட்பது? புறநகர் இருளரில் பலருக்கு மிஞ்சியது ஏரிக்கரை. பட்டா கேட்டால் ‘நீர்நிலைப் புறம்போக்கு’ என்று பதில். ஏரியையே தூர்த்துப் போட்ட மனைப்பிரிவுகளுக்கு அந்தச் சொல் ஏனோ பொருந்துவதில்லை. சட்டமன்றத்தில் 234 தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2. அந்த இரண்டும், ஏற்காடும் சேந்தமங்கலமும், இங்கிருந்து வெகுதூரம். தமிழ்நாட்டில் இருளர் 2011 கணக்குப்படி ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். சிதறிக் கிடப்பதால் எந்த வார்டிலும் அவர்கள் ஓட்டு ‘கணக்கில் வராது’.

2007இல் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு ஐ.நா.வில் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. கூடவே, இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்றும் சொல்லிக்கொண்டது. எல்லோருக்கும் உரியது என்றால் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, அல்லவா?

அரசைத் திட்டுவது நமக்குச் சுலபம். தோழர்களே, நம் பக்கம் வருவோம்.

‘எஸ்சி/எஸ்டி’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான போராட்டத்திலும் அப்படியே முழக்கமிட்டோம். மேடையில் எத்தனை இருளர் அமர்ந்தார்கள்? ஊருக்கு வெளியே சேரி என்று நாம் எழுதிக்கொண்டே இருக்கிறோம். சேரிக்கும் வெளியே, ஏரிக்கரையில் இருக்கும் பத்துக் குடிசைகளைப் பற்றி எத்தனை முறை எழுதினோம்? நம் தெருக்களிலேயே அவர்களை ‘எலி பிடிக்கிறவன்’ என்று சொல்லும் வாய்கள் உண்டு என்பது நமக்குத் தெரியும். 2021இல் ‘ஜெய் பீம்’ பார்த்து அழுதோம். அழுததோடு சரி.

இது இன்று வந்த பழக்கமும் அல்ல. அண்ணல் அம்பேத்கரே 1945 பம்பாய் உரையில், பழங்குடிகளுக்கு அரசியல் உணர்வு இன்னும் வளரவில்லை என்று சொல்லித் தன் பிரதிநிதித்துவத் திட்டத்துக்கு வெளியே அவர்களை நிறுத்தினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்த ஜெய்பால் சிங் முண்டா, ஜனநாயகத்தைப் பழங்குடிகளிடமிருந்துதான் நீங்கள் கற்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அண்ணலை மதிப்பதால்தான் சொல்கிறோம்: இந்த இடத்தில் ஜெய்பால் சிங்கே சரி.

விண்ணப்பம் எழுதித் தருவதோடு நம் வேலை முடிவதில்லை. எங்கே கூட்டம் போடுவது, எதை முதலில் கேட்பது என்பதை இருளர் குடியிருப்புகளே முடிவெடுக்கட்டும்; நாம் நாற்காலி தூக்குவோம். அதுவரை செய்ய ஒன்று உண்டு. பழங்குடிச் சான்றிதழ் தருவது வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். இது தெரியாமலே பல குடும்பங்கள் அலைகின்றன. கூடவே போங்கள். மனு எண்ணைக் குறித்து வையுங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்ட கேள்வி எதுவானாலும், ‘பாம்பு பிடிக்கத் தெரியுமா’ உட்பட, தேதியோடு எழுதி வையுங்கள்.

அந்தப் பெண்ணின் மனு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கை முடிய ஒன்பது நாள்.