தலைவலி மாத்திரை போடும் முன் கண்ணைப் பாருங்கள்!

சாயங்காலம் புருவத்துக்கு மேலே தொடங்கும் வலி, இரவுக்குள் ஒரு பக்கத் தலையையே பிளக்கிறது. கூடவே வாந்தி. ஒற்றைத் தலைவலி என்றோ பித்தம் என்றோ நினைத்து, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுபவர்கள் உண்டு. அந்தப் பக்கத்துக் கண் சிவந்திருப்பதும், பார்வை மங்கியிருப்பதும், விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிந்ததும் கவனத்துக்கு வராமலே போய்விடும். இரண்டு நாள் கழித்துக் கண் மருத்துவரிடம் போகும்போது, இழந்த பார்வை திரும்பாமலே போகலாம்.

இதன் பெயர் ‘ஆங்கிள் குளோஷர் கிளாக்கோமா’. கண் அழுத்த நோயில் ஒரு வகை.

அடைபடும் மூலை

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று எப்போதும் சுரந்துகொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. ஐரிஸ் எனப்படும் வண்ணத் திரைக்குப் பின்னால் சுரந்து, நடுவிலுள்ள கண்மணி வழியாக முன்னால் வருகிறது. ஐரிஸும் கார்னியாவும் சந்திக்கும் மூலையில், சல்லடை போன்ற திசு வழியாக வடிகிறது. அந்த மூலைதான் ‘ஆங்கிள்’. சுரப்பதும் வடிவதும் சமமாக இருந்தால், கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும்.

சிலருக்குக் கண்ணே சற்றுச் சிறியது, மூலையும் குறுகல். வயது ஏற ஏற உள்ளே இருக்கும் லென்ஸ் தடித்து, ஐரிஸை முன்னால் தள்ளுகிறது. மங்கலான வெளிச்சத்தில் கண்மணி விரியும்போது, மூலை திடீரென்று அடைபடலாம். வடிய வழியில்லாத நீர் அழுத்தத்தை 50-க்கு மேலும் ஏற்றிவிடும். பார்வை நரம்பு நசுங்குகிறது. வலிக்கும் நேரத்தில் இருட்டில் படுப்பது ஆபத்தைக் கூட்டுவது இதனால்தான்.

பலருக்கு வலியே இருப்பதில்லை. மூலை மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டு, பார்வை சத்தமில்லாமல் குறைகிறது.

யாருக்கு ஆபத்து?

ஆசிய நாட்டவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இது அதிகம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் கவனம் தேவை. தூரப் பார்வைக்கே ‘பிளஸ்’ பவர் கண்ணாடி போடுபவர்களும் இந்தப் பட்டியலில் வருவார்கள். 40-க்கு மேல் படிப்பதற்காக மட்டும் போடும் வெள்ளெழுத்துக் கண்ணாடி இந்தக் கணக்கில் சேராது.

சளி, அலர்ஜி மாத்திரைகள் சிலவும், மனச்சோர்வு மருந்துகள் சிலவும் குறுகிய மூலையை அடைத்துவிடக்கூடும். மூலை குறுகல் என்று தெரிந்தவர்கள், எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதில் இது தெரியாது. அழுத்தத்தை மட்டும் அளந்தாலும் போதாது. மூலை குறுகலாக இருந்தும் அன்றைக்கு அழுத்தம் சரியாகவே இருக்கலாம். ‘கோனியோஸ்கோப்பி’தான் விடை சொல்லும். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, சிறிய கண்ணாடி வைத்த லென்ஸால் மூலையைப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை, வலிக்காது.

தேவைப்பட்டால் லேசரால் ஐரிஸில் சின்னஞ்சிறு துளை போட்டு நீருக்கு மாற்றுவழி செய்வார்கள். சிலருக்கு லென்ஸை மாற்றும் கண்புரை அறுவை சிகிச்சையே நல்ல தீர்வு. மூலை குறுகிய எல்லோருக்கும் உடனே லேசர் என்பதும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் செய்து 6 ஆண்டுகள் கவனித்தார்கள். லேசர் செய்த கண்களில் 19-இலும், செய்யாதவற்றில் 36-இலும்தான் பாதிப்பு வந்தது. ஆபத்து பாதியாகக் குறைந்தாலும், தொடர் பரிசோதனையே போதுமானவர்களும் பலர். யாருக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

ஆனால் கண் வலி, சிவப்பு, மங்கல், வாந்தி எல்லாம் சேர்ந்து வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவே ஆனாலும் கண் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், ‘கண்ணும் வலிக்கிறது’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அழுத்தத்தை எவ்வளவு சீக்கிரம் இறக்குகிறார்களோ, அவ்வளவு பார்வை மிஞ்சும்.