கோலார் சுரங்கமும் அணுக்கழிவும்

கூடங்குளம் வழக்கு விசாரணையில், 2012 நவம்பரில், கோலார் தங்கவயலின் பெயர் உச்சநீதிமன்றத்தில் ஒலித்தது. கைவிடப்பட்ட அச்சுரங்கங்களில் அணுக்கழிவைப் புதைக்கலாம் என்ற யோசனையை அரசுத் தரப்பு முன்வைத்தது. தங்கவயல் மக்கள் வீதியில் இறங்கிய பின்னரே, அப்படியொரு திட்டம் இல்லையென்ற மறுப்பு வந்தது.

மறுப்போடு விவகாரம் முடிந்துவிட்டதாகத் தோழர்கள் சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கங்கள் பாறைவெடிப்புகளுக்குப் பேர்போனவை. அவற்றில் மாண்ட தொழிலாளர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். 2001 பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் நீரிறைப்பு நின்றது, சுரங்கங்களில் நீர் நிரம்பியது. அணுசக்தித் துறை அங்கே முன்னர் 1000 மீட்டர் ஆழத்தில் பாறையைச் சூடேற்றிச் சோதித்ததும் உண்மை. அந்தப் பாறைக்கு மேலே வாழ்பவர்களிடம்தான் எவரும் கேட்கவில்லை.

விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? உரிமம் வழங்குவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அன்று அது அணுசக்தி ஆணையத்திற்குக் கட்டுப்பட்டது. அணுமின் கழகமோ அதே துறையின் பிள்ளை. வாரியத்திற்குத் தன்னாட்சி இல்லை என்பதைத் தலைமைத் தணிக்கையாளரின் 2012 அறிக்கையே சுட்டிக்காட்டியது. வழிகாட்டு நெறிகளை வகுப்பது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம். வேலிக்கு வெளியே மக்களை அப்புறப்படுத்தும் சுமையோ, கர்நாடகத்தில் துணை ஆணையர் எனப்படும் மாவட்ட நிர்வாகியின் தலையில். ஆவணங்களில் 'நிலையத்திற்கு வெளியே' என்று தமிழாக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்: அந்த 'வெளியே' என்பது ஊர்.

எனவே நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். இடத்தேர்வுக்கு முன்பே நகரசபையும் தொழிற்சங்கங்களும் விவாதிக்க வேண்டும். அவசரகாலத் திட்டம் கன்னடத்திலும் தமிழிலும் தொழிலாளர் குடியிருப்புகளின் வாசலுக்கு வந்துசேர வேண்டும்.